ஆண்டான் மெட்டும் ஆதி தாளமும்

லைன் நின்றதும் எங்கள் ஷெட்டில் ஒரு மெட்டு கேட்கும். ஏழெட்டு ஸ்வரம்தான். ஆபரேட்டர் கயிற்றை இழுத்த நொடியில் ஆண்டான் என்ற எச்சரிக்கைப் பலகையில் அந்த ஸ்டேஷன் எண் மஞ்சளாக எரியும். யாராவது போய்ச் சரிசெய்யும்வரை மெட்டு ஓயாது. வெல்டிங் பக்கத்துக்கு ஒரு மெட்டு, அசெம்பிளிக்கு இன்னொன்று, பெயிண்ட் ஷாப்புக்கு வேறொன்று. பராமரிப்புப் பிரிவில் இருக்கும் எங்களுக்குப் பலகையைப் பார்க்கவே வேண்டாம். எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று காதே சொல்லிவிடும்.

அந்த மெட்டை வாசிப்பது ஒரு சின்னச் சிப். எந்த ஸ்வரம், எவ்வளவு நேரம் என்று ஒரு பட்டியல் அதற்குள் இருக்கிறது. ஒரு கடிகாரத் துடிப்பு அந்தப் பட்டியலை வரிசையாகப் படித்துக்கொண்டே போகிறது. முடிந்ததும் முதல் வரிக்குத் திரும்புகிறது. கச்சேரி மேடையில் சிந்தசைசரை ஓட்டும் சீக்வென்சர் என்ற பெட்டியும் இதே பட்டியலும் கடிகாரமும்தான். அதற்குத் தன் சொந்தக் குரல் கிடையாது. "இப்போது ஷட்ஜம், இவ்வளவு அழுத்தம்; இப்போது நிறுத்து" என்று பக்கத்தில் இருக்கும் சிந்துக்கு, அதாவது சிந்தசைசருக்கு, கட்டளை மட்டும் அனுப்பும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் கீபோர்டு வாசிப்பவன். ஒரகடம், மாத்தூர், படப்பை, வல்லக்கோட்டை என்று சுற்றுவட்டாரத்தில் எங்கள் மெல்லிசைக் குழு போகாத ஊர் குறைவு. குழுவில் பாதிப் பேர் ஷிப்ட் வேலை பார்ப்பவர்கள். பேஸ் வாசிப்பவருக்கு நைட் ஷிப்ட் விழுந்துவிட்டால் அன்றைக்குக் கச்சேரியில் அடிநாதமே இருக்காது. அந்த ஓட்டையை அடைக்கத்தான் முதலில் சீக்வென்சரைத் தேடினேன். இப்போது லைனில் இருக்கும் இளைஞர்கள் வாரம் ஒருவராவது வந்து, "அண்ணே, கம்மி விலையில எது வாங்கலாம்?" என்று கேட்கிறார்கள். கான்டீன் வரிசையில் நின்றபடி சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை என்பதால் எழுதுகிறேன்.

ஆலை இயந்திரங்களை ஓட்டும் பிஎல்சி தெரிந்தவர்களுக்கு இந்தப் பெட்டி புதிதே இல்லை. இரண்டும் ஒரே வம்சம். உருளையில் முள் அடித்து, அது சுழலும்போது முள் படும் இடத்தில் குழல் திறக்கும்படி செய்த தானியங்கிப் புல்லாங்குழலை 9ஆம் நூற்றாண்டில் பாக்தாத்தில் பனூ மூசா சகோதரர்கள் விவரித்திருக்கிறார்கள். முள் மாறினால் பாட்டு மாறும். பழைய வாஷிங் மெஷினைத் திறந்தவர்கள் அதே உருளையைப் பார்த்திருப்பார்கள்: மெதுவாகச் சுழலும் கேம், அதில் மேடும் பள்ளமும், மேடு படும்போது தண்ணீர் வால்வு திறக்கும். 1960களின் இறுதியில் இந்த உருளை இரண்டு இடத்தில் மின்னணுவாக மாறியது. அமெரிக்காவில் ராபர்ட் மூக் தன் சிந்தசைசருக்கு 960 என்ற சீக்வென்சரைச் செய்தார்: எட்டு ஸ்டெப், அதாவது பட்டியலில் எட்டு வரி; ஸ்டெப்புக்கு மூன்று திருகு. அதே காலத்தில் ஜெனரல் மோட்டார்ஸின் கியர்பாக்ஸ் பிரிவு, ரிலே நிறைந்த பேனல்களுக்கு மாற்றாக நிரல் எழுதக்கூடிய ஒரு பெட்டி வேண்டுமென்று கேட்டது. டிக் மார்லியின் குழு மோடிகான் 084 என்ற பிஎல்சியைக் கொடுத்தது. இன்று ஒரகடத்தில் ஒவ்வொரு பேனலுக்குள்ளும் இருப்பது அதன் வாரிசு. பிஎல்சியின் வெளியீட்டில் சிலிண்டர் நகர்கிறது, சீக்வென்சரின் வெளியீட்டில் ஸ்வரம் நகர்கிறது. மற்றதெல்லாம் பங்காளிச் சொத்து.

இந்தியாவில் சீக்வென்சரை வைத்து ஒருவர் என்ன செய்தார் என்று தெரிந்துகொண்டால், விலை குறைந்த பெட்டியைக் குறைவாக எடைபோட மாட்டோம். பம்பாய் திரைப்படப் பாடல்களுக்கு வாசித்துவந்த சரண்ஜித் சிங், 1982இல் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வைத்து ஓர் இசைத்தட்டு கொண்டுவந்தார். கையில் இருந்தவை மூன்று ரோலண்ட் கருவிகள்: டிஆர்-808 தாளப் பெட்டி, சீக்வென்சரோடு கூடிய டிபி-303 பேஸ் சிந்தசைசர், ஜூபிடர்-8 சிந்தசைசர். 303 என்பது 1981இல் வெளிவந்த சிறிய பெட்டி. ஒரு பாட்டர்னுக்கு, அதாவது ஒரு சுற்றுக்கு, 16 ஸ்டெப். முதலில் ஸ்வரங்களை மட்டும் வரிசையாக ஏற்ற வேண்டும், பிறகு காலத்தைத் தனியாக ஏற்ற வேண்டும். பேஸ் கிட்டாருக்கு மாற்று என்று விற்றார்கள், எடுபடவில்லை, 1984இல் நிறுத்திவிட்டார்கள். ஆனால் அதில் ஒரு ஸ்டெப்பிலிருந்து அடுத்ததற்கு வழுக்கிப் போகும் ஸ்லைடு என்ற வசதி இருந்தது. மால்கௌன்ஸ், அதாவது நம் இந்தோளம், பூபாளி, அதாவது நம் மோகனம், இவற்றின் ஸ்வரங்கள் அந்த வழுக்கலோடு 808இன் தாளத்தின்மேல் உருண்டு ஓடுவதைக் கேட்டால் 1982 என்று நம்ப மனம் வராது. சிகாகோவில் அதே 303இலிருந்து ஆசிட் ஹவுஸ் இசை பிறந்தது அதற்குச் சில ஆண்டுகள் கழித்துத்தான். இசைத்தட்டு அப்போது விற்கவில்லை. 2010இல் மறுபதிப்பு வந்தபிறகு உலகமே தேடிக் கேட்டது.

தமிழில் 1986இல் வந்த 'புன்னகை மன்னன்' படத்தின் இசைக்கு இளையராஜா கணினி சீக்வென்சரைப் பயன்படுத்தியதை அந்தக் காலத்து வாத்தியக்காரர்கள் இன்னும் பேசுவார்கள். ஆனால் ஸ்டுடியோவில் ஓடும் கணினி வேறு. கோயில் வாசலில், பந்தலுக்குக் கீழே, ஜென்செட் மின்சாரத்தில் ஓட வேண்டிய பெட்டி வேறு. அங்கே முதலில் பார்க்க வேண்டியது கடிகாரத்தை.

120 டெம்போ என்றால் ஒரு தட்டுக்கு 500 மில்லி வினாடி. அதை நான்காகப் பிரித்தால் ஒரு ஸ்டெப் 125 மில்லி வினாடி. நல்ல பெட்டியில் இந்த 125 ஒவ்வொரு முறையும் 125ஆகவே வரும். மோசமான பெட்டியில் 121, 130, 124, 119 என்று அலையும். இந்த அலைச்சலைத்தான் ஜிட்டர் என்கிறார்கள். தாமதமும் ஜிட்டரும் வேறு வேறு என்பதை நன்றாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். ஒலி ஒரு மீட்டர் கடக்க ஏறக்குறைய 3 மில்லி வினாடி எடுக்கும். ஐந்து மீட்டர் தள்ளி நிற்கும் தவில்காரரின் அடி 15 மில்லி வினாடி கழித்துத்தான் என் காதுக்கு வருகிறது. அதனால் கச்சேரி கெடுவதில்லை, ஏனென்றால் அது எப்போதும் அதே 15. கை அதற்குத் தன்னைச் சரிப்படுத்திக்கொள்ளும். அடிக்கு அடி மாறுவதைக் கையால் பிடிக்கவே முடியாது. தாளம் தளர்ந்தாற்போல இருக்கும், ஏனென்று கேட்பவருக்குச் சொல்லத் தெரியாது.

கணினியிலும் கைபேசியிலும் இலவச சீக்வென்சர்கள் நிறைய இருக்கும்போது தனிப் பெட்டி எதற்கு என்ற கேள்விக்குப் பதிலும் இங்கேயே இருக்கிறது. கணினி ஒரே நேரத்தில் நூறு வேலை பார்க்கிறது. உங்கள் ஸ்வரம் அந்த வரிசையில் காத்திருக்கும். தனிப் பெட்டிக்குள் இருக்கும் மைக்ரோகன்ட்ரோலர் ஒரே வேலைக்கு நேர்ந்துவிடப்பட்டது. டைமர் அலறியதும் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஸ்வரத்தை அனுப்பும். பிரஸ் மெஷினைக் கணினியில் ஓட்டாமல் பிஎல்சியில் ஏன் ஓட்டுகிறோம் என்பதற்கும் இதே காரணம்தான்.

அடுத்தது நீளம். கடைக்காரர் இதைச் சொல்ல மாட்டார். வெளிநாட்டு மதிப்பீடுகளிலும் இது அதிகம் வராது. நம் ஆட்களுக்கு இதுதான் தலையாய விஷயம் என்பது என் முடிவு.

இந்தப் பெட்டிகளின் உடற்கட்டே 16 ஸ்டெப்பில் அமைந்தது: நாலு தட்டு, தட்டுக்கு நாலு கூறு. ஆதி தாளம் சதுஸ்ர நடையில் 8 × 4, மொத்தம் 32; பதினாறு ஸ்டெப் இரண்டு சுற்று. ரூபகம் 12. இவை சிக்கலில்லை. மிஸ்ர சாபுவுக்கு 7 அல்லது 14 ஸ்டெப்பிலும், கண்ட சாபுவுக்கு 5 அல்லது 10 ஸ்டெப்பிலும் பாட்டர்ன் திரும்ப வேண்டும். ஆகவே கடைசி ஸ்டெப்பை நாமே குறிக்க முடியுமா, ஒவ்வொரு டிராக்குக்கும் தனித்தனியாகக் குறிக்க முடியுமா என்று முதலில் கேளுங்கள். முடியாதென்றால் பெட்டி எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம்.

நடை மாறும்போது இன்னும் ஆழமான சிக்கல் வருகிறது. மிடி என்ற பொதுமொழியில் கருவிகள் ஒன்றோடொன்று ஒத்துப்போக, தட்டுக்கு 24 துடிப்பு அனுப்பிக்கொள்கின்றன. 24ஐ 3ஆலும் 4ஆலும் 6ஆலும் 8ஆலும் மீதியில்லாமல் வகுக்கலாம். திஸ்ரமும் சதுஸ்ரமும் துடிப்பின்மேல் சரியாக உட்காரும். ஐந்தால் வகுத்துப் பாருங்கள்: 4.8. ஏழாலும் ஒன்பதாலும் வகுத்தாலும் இதே கதை. கண்ட நடையில் ஐந்து கூறையும் சமமாக வைக்க அந்தத் துடிப்புகளுக்கு நடுவே இடமே இல்லை. 24 என்ற எண்ணை 1980களின் தொடக்கத்தில் முடிவு செய்தவர்களின் காதில் கொன்னக்கோல் விழுந்திருக்காது.

இதற்கு ஒரு வழி இருக்கிறது. பெட்டியின் தட்டை நம் தட்டாக நினைப்பதை விட்டுவிட வேண்டும். அதன் ஒரு ஸ்டெப்பை நம் ஒரு கூறாக எடுத்துக்கொள்ளலாம். உங்கள் தட்டு நிமிடத்துக்கு 60 என்றால், கண்ட நடையில் நிமிடத்துக்கு 300 கூறு. பெட்டி நான்கு ஸ்டெப்பை ஒரு தட்டாக எண்ணுவதால் 300ஐ 4ஆல் வகுத்து டெம்போவை 75இல் வையுங்கள். நீளத்தை 8 × 5, அதாவது 40 ஸ்டெப்பாக்குங்கள். "தகதகிட" என்று வாயால் சொல்லிக்கொண்டே ஒவ்வொரு ஐந்தாவது ஸ்டெப்புக்கும் அடுத்ததில் ஒரு அடியை வைத்தால், பெட்டி ஆதி தாளத்தைக் கண்ட நடையில் மயிரிழை பிசகாமல் போடும். மிஸ்ர நடைக்கு டெம்போ 105, நீளம் 56. சங்கீர்ணத்துக்கு 135, நீளம் 72. ஆக, 64 ஸ்டெப் நினைவில் வைக்கும் பெட்டி ஆதி தாளத்தில் மிஸ்ரம்வரை ஒரே மூச்சில் தாங்கும். சங்கீர்ணத்துக்கு இரண்டு பாட்டர்னைக் கோர்க்க வேண்டும். 16 மட்டும் தாங்கும் பெட்டியில் கண்டத்துக்கே மூச்சு முட்டும். இப்படி ஓட்டும்போது டெம்போவோடு கட்டிய எக்கோவும், ஸ்வரக் கூட்டை உதிர்த்து வாசிக்கும் ஆர்ப்பெஜியேட்டரும் 75ஐத்தான் நம்பும் என்பதால் அவற்றைக் கையால் சரிப்படுத்த வேண்டியிருக்கும்.

இனி ஒயர்கள். மூன்று வகை இணைப்பு இருக்கிறது. முதலாவது மிடி, ஐந்து முள் வட்ட பிளக். 1983 ஜனவரியில் அமெரிக்காவில் நடந்த இசைக்கருவிக் கண்காட்சியில் இரண்டு வேறு நிறுவனங்களின் கீபோர்டுகளை இந்த ஒயரால் இணைத்து, ஒன்றில் வாசித்தால் மற்றதிலும் ஒலிக்கும்படி காட்டினார்கள். டேவ் ஸ்மித்தும் ரோலண்ட் நிறுவனர் இகுதாரோ ககேஹாஷியும் அதன் பின்னால் இருந்தவர்கள். வினாடிக்கு 31,250 பிட் வேகம். ஒரு ஸ்வரத்தைச் சொல்ல ஏறக்குறைய 1 மில்லி வினாடி. பத்து ஸ்வரத்தை ஒரே கணத்தில் கேட்டால் கடைசி ஸ்வரம் முதலாவதைவிட 9 மில்லி வினாடி பிந்தி வரும். ஒற்றை பேஸ் வரிக்கு இது பொருட்டே இல்லை. எல்லாக் கருவியையும் ஒரே ஒயரில் தொங்கவிட்டால் பொருட்டாகும்.

மிடியில் எனக்குப் பிடித்த பகுதி அதன் மின்சுற்று. அது மின்னழுத்தத்தை அனுப்புவதில்லை. 5 மில்லிஆம்பியர் மின்னோட்டத்தை அனுப்புகிறது. வாங்கும் பக்கத்தில் ஆப்டோகப்ளர் என்ற சிப் இருக்கிறது: அந்த மின்னோட்டம் உள்ளே ஒரு எல்இடியை எரிக்கும், எதிரில் இருக்கும் ஒளி உணரி அதைப் பார்த்துச் செய்தியைப் படிக்கும். இரண்டு கருவிக்கும் நடுவே செய்தியைக் கடத்துவது வெளிச்சம் மட்டுமே. ஆலையில் பிஎல்சியின் இன்புட் கார்டில் இதே ஆப்டோகப்ளர் இருப்பதை நாம் தினமும் பார்க்கிறோம். மோட்டாரின் இரைச்சல் மூளைக்குள் நுழையாமல் காப்பது அதுதான். மேடையில் ஜென்செட் ஓடும்போது, சீரியல் லைட்டும் குழல்விளக்கும் ஒரே ஒயரில் இருக்கும்போது, எர்த் சரியில்லாத இடத்தில் "ம்ம்ம்" என்று 50 ஹெர்ட்ஸ் உறுமல் ஸ்பீக்கரில் ஏறும். மிடி ஒயர் வழியாக அது ஏறாது. யுஎஸ்பி ஒயர் வழியாக ஏறலாம். விலை குறைக்க ஐந்து முள் பிளக்கை எடுத்துவிட்டு யுஎஸ்பி மட்டும் வைத்த பெட்டிகளை மேடைக்கு நான் பரிந்துரைக்காததற்கு இது ஒரு காரணம். யுஎஸ்பி மட்டும் உள்ள பெட்டிக்கு நடுவில் இன்னொரு ஹோஸ்ட் கருவி வேண்டியிருப்பது இரண்டாவது காரணம்.

இரண்டாவது இணைப்பு சிவி, கேட்: ஸ்வரத்தை மின்னழுத்தமாகவே அனுப்புவது. பழைய அனலாக் சிந்துகளுக்கும் மாடுலர் அமைப்புகளுக்கும் உரியது. ஒரு ஸ்தாயிக்கு 1 வோல்ட் என்பது பரவலான கணக்கு; அப்படியென்றால் அரை ஸ்வரத்துக்கு 83 மில்லிவோல்ட். சில மில்லிவோல்ட் பிசகினாலே சுருதி விலகுவது காதில் படும். சிந்துக்குள் இருக்கும் டிரான்சிஸ்டர்கள் வெப்பத்துக்கு அசைவதால், அக்னி நட்சத்திரத்து மாலையில் திறந்த மேடையில் அனலாக் சிந்தைப் பாட்டுக்குப் பாட்டு சுருதி பார்க்க வேண்டும். உங்களிடம் இருப்பது சாதாரண கீபோர்டும் டிஜிட்டல் சிந்தும் என்றால் சிவிக்காகக் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள்.

மூன்றாவது, வேகம் ஒத்துப்போகத் துடிப்பை மட்டும் அனுப்பும் 3.5 மி.மீ. சிங்க் ஒயர். இதில் நான் பட்டதைச் சொல்கிறேன். இரண்டு வருடத்துக்கு முன்பு ஒரு கிராமத்துத் திருவிழா. ஒத்திகையில் மிடி ஒயரில் எல்லாம் சரியாக ஓடியது. மேடையில் அந்த ஒயர் பிளக்கோடு பிய்ந்துவிட்டது. அவசரத்துக்கு சிங்க் ஒயரைச் செருகினேன். பாட்டு தொடங்கியதும் தாளம் சரியான வேகத்தில் வந்தது, பேஸ் பாதி வேகத்தில் வந்தது. தாளப் பெட்டி தட்டுக்கு இரண்டு துடிப்பு அனுப்பிக்கொண்டிருந்தது. பேஸ் பக்கம் நான்கை எதிர்பார்த்துக் காத்திருந்தது. பாடகர் பாட்டை நிறுத்தி, கூட்டத்தைக் கும்பிட்டு, மறுபடி தொடங்கினார். கன்வேயர் என்கோடரில் ஒரு சுற்றுக்கான துடிப்பு எண்ணைத் தப்பாகப் போட்டால் பாதி தூரம்தான் நகர்ந்ததாகக் கணக்குக் காட்டுமே, அதே பிழை. தட்டுக்கு எத்தனை துடிப்பு என்ற எண்ணை மாற்றிக்கொள்ளும் சுவிட்சோ மெனுவோ பெட்டியில் இருக்கிறதா என்று பார்த்தே வாங்குங்கள்.

இந்த அளவுகோல்களை வைத்துச் சில பெட்டிகளைப் பார்க்கலாம். கோர்க் எஸ்கியூ-1, 2015இல் 100 டாலரை ஒட்டி வந்தது: எட்டு எட்டாக இரண்டு வரிசைத் திருகு, இரண்டு பேட்டரியிலும் ஓடும். வேண்டாத ஸ்டெப்பைச் சுற்றிலிருந்து நீக்கிவிடலாம் என்பதால் 5ம் 7ம் சாத்தியம்; 40 சாத்தியமில்லை. திருகைத் திருப்பத் திருப்ப ஸ்வரம் மாறுவதால், ஓடும் பாட்டர்னை மேடையிலேயே கையால் செதுக்க அருமையான கருவி. ஆர்டூரியா கீஸ்டெப் கொஞ்சம் கூடுதல் விலை: 32 கட்டை, 64 ஸ்டெப், ஒரு ஸ்டெப்பில் எட்டு ஸ்வரம்வரை, ஐந்து முள் மிடி உள்ளே வெளியே இரண்டும், சிங்க் துடிப்பு எண்ணை மாற்றும் வசதியும். எத்தனை ஸ்டெப் ஏற்றுகிறோமோ அத்தனைதான் நீளம் என்பதால் 40, 56 எல்லாம் இயல்பாக வரும். கீபோர்டு வாசிப்பவர் முதல்முதலாக வாங்க இதைத்தான் நான் சொல்வேன். அதே நிறுவனத்தின் பீட்ஸ்டெப் புரோவில் இரண்டு மெலடி டிராக்கும் 16 தாள டிராக்கும் தனித்தனிக் கடைசி ஸ்டெப்போடு இருக்கின்றன. ஆக்டோபேட் வாசிப்பவரும் சேர்ந்து பயன்படுத்துவதானால் அதிக விலைக்குத் தகும். டாலர் விலையை ரூபாயாக்கிக் கணக்குப் போடும்போது சுங்கமும் ஜிஎஸ்டியும் மேலே ஏறும் என்பதை மறக்க வேண்டாம். பழைய பெட்டி கிடைத்தால், திருகுகளைத் திருப்பும்போது ஸ்வரம் துள்ளுகிறதா, பவர் சாக்கெட் ஆடுகிறதா, கரண்ட் போய் வந்தபின் பாட்டர்ன் இருக்கிறதா என்ற மூன்றையும் பார்த்துவிட்டு எடுக்கலாம்.

ஐடிஐ முடித்து சால்டரிங் கை பழகியவருக்கு இன்னொரு வழி உண்டு. சென்னை ரிச்சி தெருவில் ஒரு ஆர்டுவினோ ஊனோ போர்டு, எட்டு பொட்டென்ஷியோமீட்டர், அவற்றை ஒரே இன்புட்டில் படிக்க ஒரு 4051 சிப், எட்டு எல்இடி, அவற்றுக்கான ரெசிஸ்டர்கள், மிடிக்கு இரண்டு 220 ஓம் ரெசிஸ்டர், ஒரு ஐந்து முள் சாக்கெட் வாங்கினால் போதும். ஊனோவின் கடிகாரம் 16 மெகாஹெர்ட்ஸ்; அதை 512ஆல் வகுத்தால் துல்லியமாக 31,250. மிடியின் வேகம் மீதியில்லாமல் கிடைக்கிறது. நிரலில் டிலே கட்டளையை வைத்துக் காலம் கணக்கிடாதீர்கள். மற்ற வேலைகளின் நேரமும் அதோடு சேர்ந்து டெம்போ இழுபடும். டைமர் இன்டரப்ட்டில் எழுதுங்கள். நான் செய்த முதல் பெட்டியில் எட்டுத் திருகோடு, 5, 7, 9 என்று சுற்றை மாற்ற ஒரு ரோட்டரி சுவிட்சும் வைத்தேன். ஒன்பதாவது ஸ்டெப்புக்கு முதல் திருகே மறுபடி படிக்கப்படும். பழைய பிஎல்சி பேனலில் கழித்துப்போட்ட அந்த சுவிட்ச் "டக்" என்று விழும்போது கண்டம் மிஸ்ரமாக மாறும்.

கடையில் வாங்கினாலும் வீட்டில் செய்தாலும் பணம் கொடுப்பதற்கு முன், மேடை ஏறுவதற்கு முன், ஒரு சோதனை செய்யுங்கள். டெம்போ 120, எல்லா ஸ்டெப்பிலும் ஒரே கூர்மையான ஒலி, மரக்கட்டையில் தட்டுவது போல. கைபேசியை ஸ்பீக்கரிலிருந்து ஒரே தூரத்தில் அசையாமல் வைத்து இரண்டு நிமிடம் பதிவு செய்யுங்கள். ஓடும்போதே திருகுகளைத் திருப்புங்கள், பாட்டர்னை மாற்றுங்கள், கூடவே பத்து ஸ்வரத்தை ஒன்றாகவும் போடுங்கள். பெட்டிக்கு வேலைச் சுமை ஏறட்டும். பிறகு ஆடாசிட்டி போன்ற இலவச மென்பொருளில் அந்தப் பதிவைத் திறந்து பெரிதாக்கினால் ஒவ்வொரு அடியும் ஒரு குத்துக்கோடாகத் தெரியும். கோட்டுக்குக் கோடு 125 மில்லி வினாடி இருக்க வேண்டும். ஒன்றிரண்டு இப்படி அப்படி என்றால் எடுத்துக்கொள்ளலாம். பத்துக்கு மேல் அலைந்தால் பெட்டியை மேஜையிலேயே வைத்துவிட்டு, மாத்தூர் போகும் கடைசி ஷேர் ஆட்டோவைப் பிடியுங்கள். அடுத்த மாதச் சம்பளத்தில் வேறு பார்க்கலாம்.